உடம்பு தேறும் நாய்க்கு என்ன சோறு?

நாய்க்கு வயிறு கெட்டால் வீட்டில் முதலில் நடப்பது, அதன் தட்டை எடுத்துவிடுவதுதான். "ரெண்டு நாளைக்கு ஒண்ணும் போடாதே, தானா சரியாயிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். லங்கணம் பரம ஔஷதம் என்று மனிதருக்குச் சொன்ன வாக்கை நாய்க்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் நாய் தலையைத் தூக்கிப் பார்த்தால் ஒரு கிண்ணம் கஞ்சித் தண்ணீர் வைப்பார்கள். அதற்கும் மறுநாள், பிழைத்துவிட்டதே என்ற சந்தோஷத்தில், கறிக்குழம்பு ஊற்றிய சோறு வயிறு முட்டக் கிடைக்கும். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவே இருக்கிற கரிக்கலாம்பாக்கமானாலும் சரி, சென்னையின் அடுக்குமாடி வீடானாலும் சரி, நோயில் விழுந்த நாய்க்கு நாம் செய்வது பெரும்பாலும் இந்த மூன்றையும்தான். பட்டினி, பிறகு வெறும் கஞ்சி, பிறகு திடீர் விருந்து. மூன்றும் பாசத்தில் செய்வதுதான். ஆனால் தேறிவரும் உடம்புக்கு மூன்றுமே கெடுதல்.

பாகூர் வட்டாரம் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். இங்கே மாட்டுக்கொட்டகையையும் மோட்டார் கொட்டகையையும் காவல் காக்கும் நாட்டு நாய்கள் தலைமுறை தலைமுறையாகச் சோறு தின்று வளர்ந்தவை. நாய் மாமிச உண்ணி, அரிசி அதற்கு ஆகவே ஆகாது என்று இப்போது சிலர் சொல்லக் கேட்கிறோம். அவர்களுக்கான பதிலை 2013-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு தந்தது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்ஸெல்சன் குழுவினர் ஓநாய், நாய் இரண்டின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியை உருவாக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் இருந்தன. நாய்களிடம் 4 முதல் 30 வரை இருந்தன. மனிதரோடு ஒட்டி வாழ்ந்து, மனிதர் போட்டதைத் தின்று, நாயின் உடம்பே மாறியிருக்கிறது. ஆகவே சோறு போடலாமா என்பதில் குழப்பம் வேண்டாம். நோய்க்குப் பின் எப்போது, எவ்வளவு, எதோடு சேர்த்துப் போடுவது என்பதில்தான் நாம் தவறுகிறோம்.

பட்டினியை முதலில் பார்ப்போம். நல்ல உடம்போடு இருக்கும் நாய் ஒரு நாள் சாப்பிடாவிட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கல்லீரலில் சேமித்த சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அது தீர்ந்ததும் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். தசையை முடிந்தவரை காப்பாற்றும். காய்ச்சலும் அழற்சியும் உள்ள நாயின் கதை வேறு. நோயோடு போராடும்போது சுரக்கும் கார்டிசால் போன்ற ஹார்மோன்களும் அழற்சி வேதிப்பொருள்களும், கொழுப்பை மட்டும் எரித்துச் சமாளிக்கும் ஏற்பாட்டைக் குலைத்துவிடுகின்றன. உடம்பு தன் தசைப் புரதத்தையே உடைத்து எரிக்கிறது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த நாயின் முதுகெலும்பும் தொடையும் திடீரென்று எலும்பாய்த் துருத்திக்கொண்டு தெரிவது இதனால்தான். நோய் எதிர்ப்பு அணுக்களும் புரதத்தால் ஆனவை, புண் ஆறுவதற்கும் புரதம் வேண்டும். அந்த நேரத்தில் தட்டை எடுத்துவிட்டால், நாய் தன் உடம்பையே தின்று நோயோடு போராட வேண்டியிருக்கிறது.

"வயிற்றுக்கு ஓய்வு" என்ற எண்ணத்துக்கும் இதே கதிதான். குடலின் உட்சுவரில் விரல் விரலாய் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய உறிஞ்சிகள் உண்டு. அவற்றின் அடியில் உள்ள குழிகளில் புதிய செல்கள் ஓயாமல் பிறந்து, மேலேறி, சில நாட்களில் உதிர்கின்றன. நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், அந்தக் குழிகள்தான் நாற்றங்கால், மேலே உள்ள உறிஞ்சிகள் நட்ட பயிர். உடம்பின் மற்ற உறுப்புகள் ரத்தம் கொண்டுவரும் சத்தை நம்பி வாழ்பவை. குடல் செல்களோ தங்களுக்கு வேண்டியதில் பெரும்பங்கை, குடலுக்குள் வந்து விழும் உணவிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. உணவு வராவிட்டால் உறிஞ்சிகள் குட்டையாகின்றன, செல்களுக்கு இடையே உள்ள பிணைப்பு தளர்கிறது, குடலுக்குள் அடங்கிக் கிடந்த பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைய வழி கிடைக்கிறது.

நாய் வளர்ப்பவர்கள் "பார்வோ" என்றும் "ரத்தக் கழிச்சல்" என்றும் சொல்லும் நோயில் இது உயிர்ப் பிரச்சினை. பார்வோ வைரஸ் 1978-இல் அடையாளம் காணப்பட்டது. ஓரிரு ஆண்டுகளுக்குள் கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. 1980-களின் தொடக்கத்திலேயே சென்னைக் கால்நடை மருத்துவர்கள் இந்த நோயைக் கண்டு எழுதிவிட்டார்கள். இந்தியாவில் பதிவான முதல் அறிக்கைகள் அவை. வேகமாகப் பிரியும் செல்களைத் தேடிப்போய் அழிப்பது இந்த வைரஸின் குணம். அதனால் குடலின் நாற்றங்காலையும் எலும்பு மஜ்ஜையையும் ஒரே நேரத்தில் தாக்குகிறது. குடல் தோல் உரிந்து ரத்தமாய்ப் போகும் அதே நாட்களில், பாக்டீரியாவைத் தடுக்க வேண்டிய வெள்ளை அணுக்களும் குறைந்துபோகின்றன. ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் இருக்கும் தடுப்பூசி போடாத குட்டிகள்தான் அதிகம் மாட்டுகின்றன.

பார்வோவுக்கு நெடுங்காலம் மருத்துவர்களே, வாந்தி முழுதாக நிற்கும்வரை வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதே என்றுதான் சொல்லிவந்தார்கள். அதைச் சோதித்துப் பார்த்தது தென்னாப்பிரிக்காவில் ஆல்பர்ட் மோர் குழுவினரின் ஆய்வு, 2003-இல் வெளியானது. கடுமையான பார்வோவோடு வந்த 30 நாய்களை இரண்டாகப் பிரித்தார்கள். 15 நாய்களுக்கு வழக்கம்போல வாந்தி நின்று 12 மணி நேரம் ஆகும்வரை உணவில்லை. மற்ற 15 நாய்களுக்கு, மருத்துவமனையில் சேர்ந்த 12 மணி நேரத்திலேயே, மூக்கு வழியாக உணவுக்குழாய்க்குள் மெல்லிய குழாய் செலுத்தித் திரவ உணவு தரப்பட்டது. ஊசி, சலைன் எல்லாம் இரு தரப்புக்கும் ஒன்றே. சீக்கிரம் உணவு பெற்ற நாய்களுக்கு வாந்தியும் கழிச்சலும் சுமார் ஒரு நாள் முன்னதாகவே நின்றன, சுறுசுறுப்பும் பசியும் முன்னதாகவே திரும்பின, எடை ஏறியது. பட்டினி இருந்தவற்றில் 13 பிழைத்தன, உணவு பெற்ற 15-உம் பிழைத்தன. 30 நாய்களை வைத்து உயிர்பிழைப்பு விகிதத்தைப் பற்றிப் பெரிதாக முடிவுகட்ட முடியாது. தேறுவதில் தெரிந்த வித்தியாசமோ தெளிவானது. அதன் பிறகு, முடிந்தவரை சீக்கிரம் குடலுக்குச் சிறிது உணவு என்பது பல கால்நடை மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு வாந்தி எடுக்கும் நாயின் வாயில் சோற்றைத் திணிக்கக் கூடாது. அந்தத் தென்னாப்பிரிக்க நாய்களுக்குச் சலைனும் வாந்தியை அடக்கும் மருந்தும் சேர்ந்தே கிடைத்தன. தண்ணீர்கூடத் தங்காமல் வெளியே வரும் நாய்க்கு முதல் தேவை மருத்துவர். குடலில் எலும்பு, சோளக் கட்டை, பிளாஸ்டிக் பை ஏதாவது அடைத்திருந்தால் உணவு ஆபத்தாகவே முடியும். அதைப் பரிசோதனை செய்துதான் அறிய முடியும். கரிக்கலாம்பாக்கம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சங்கராபரணி ஆற்றைத் தாண்டி வில்லியனூர் வழியே போனால் குருமாம்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம். 1994-இல் கல்லூரியாகத் தொடங்கியது. இங்கு உள்ளவர்கள் இன்றும் அதைக் கால்நடைக் கல்லூரி என்றே சொல்கிறார்கள்.

எந்தக் கால்நடை மருத்துவமனை வாசலிலும் பேச்சு இப்படித்தான் தொடங்கும்.

"சார், மூணு நாளா ஒண்ணுமே கொடுக்கலை சார். வயித்துக்கு ஓய்வு கொடுத்துட்டோம்."

"தண்ணி குடிச்சா தங்குதா தம்பி? கடைசியா எப்ப வாந்தி எடுத்துது?"

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்கள்தான் அதிகம். கடைசி வாந்தி எத்தனை மணிக்கு, அதில் என்ன இருந்தது, கழிச்சல் எத்தனை முறை, என்ன நிறம், கடைசியாக என்ன தின்றது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது.

குட்டிகளுக்குப் பட்டினி இன்னும் கொடிது. இரண்டு மூன்று மாதக் குட்டியின் கல்லீரலில் சர்க்கரைச் சேமிப்பு மிகக் குறைவு. அரை நாள் சாப்பிடாமல் கழிந்தால்கூட ரத்தச் சர்க்கரை இறங்கி, குட்டி துவண்டு, நடுங்கி, வலிப்பு வரை போகலாம். அப்படித் துவண்டால் சர்க்கரைக் கரைசலையோ தேனையோ விரலில் தொட்டு ஈறில் தடவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

கஞ்சியின் கணக்கு

அடுத்தது கஞ்சித் தண்ணீர். அதற்கு ஒரு மரியாதை உண்டு, அதைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும். குடல் சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்துக்கொண்டுதான் உள்ளே போகின்றன, அவற்றின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. ராபர்ட் கிரேன் 1960-இல் விளக்கிய இந்தச் சங்கதிதான் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. 1971-இல் வங்கதேசப் போர் அகதிகள் தங்கிய வனகாவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் அந்தக் கரைசலைக் கொண்டு காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். அரிசியின் மாவுச்சத்தும் உடைந்து சர்க்கரை ஆவதால் உப்பிட்ட கஞ்சியும் அதே வேலையைச் செய்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர் ராமகிருஷ்ணா குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் மாவுச்சத்தைக் கரைசலில் கலந்து கொடுத்தால், அங்கே பாக்டீரியா அதை நொதிக்கவைத்து உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவும் என்று கணித்தார்கள். காலரா நோயாளிகளிடம் கழிச்சல் குறைந்தது. அந்த ஆய்வு 2000-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. நாயின் பெருங்குடலும் இந்தக் கொழுப்பு அமிலங்களை நம்பித்தான் இருக்கிறது. வேகவைத்து மசித்த பறங்கிக்காயை ஒன்றிரண்டு ஸ்பூன் நாயின் சோற்றில் கலக்கச் சொல்வதற்குக் காரணம் இந்த நார்ச்சத்துதான்.

ஆகக் கஞ்சி, இழந்த நீரை மீட்கும். ஆனால் அது சாப்பாடு ஆகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம் அரிசியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையக் காய்ச்சினால் அந்த ஒரு லிட்டரில் இருப்பது ஏறக்குறைய 105 கலோரி, 2 கிராம் புரதம். அசையாமல் படுத்துக் கிடந்து மூச்சுவிடவும் உடம்புச் சூடு காக்கவும் மட்டுமே, 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 370 கலோரி தேவை. அதை அந்தக் கஞ்சியிலிருந்தே பெற வேண்டுமானால் மூன்றரை லிட்டர் குடித்தாக வேண்டும். புரதக் கணக்கு இன்னும் மோசம்: நோயிலிருந்து எழும் அந்த நாய்க்கு 15 முதல் 22 கிராம் வேண்டும், மூன்றரை லிட்டர் குடித்தாலும் 7 கிராம் தாண்டாது. "கஞ்சி குடிக்குது சார், ஆனா தேறலையே" என்ற புலம்பலுக்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

அந்த 370 எப்படி வந்தது என்றால், நாயின் எடையை 30-ஆல் பெருக்கி 70-ஐக் கூட்டுவது. கால்நடை மருத்துவர்கள் இரண்டு கிலோவுக்கு மேல் 45 கிலோ வரை உள்ள நாய்களுக்கு வைத்திருக்கும் எளிய சூத்திரம் இது. 15 கிலோ நாய்க்கு 520 வரும். எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி நில்லுங்கள், பிறகு நீங்கள் மட்டும் நின்று கழித்துக்கொள்ளுங்கள். வளரும் குட்டிக்கு இந்தக் கணக்கு போதாது, அதற்கு இரண்டு மூன்று மடங்கு வேண்டியிருக்கும். மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். 10 கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுதுக்கும் 75 கிராம் அரிசி, சாதாரண டம்ளரில் பாதிக்கும் சற்றுக் குறைவு. கூடவே தோலும் எலும்பும் கொழுப்பும் நீக்கிய கோழிக்கறி 100 கிராம், நெஞ்சுப் பகுதியானால் நல்லது. அரிசியைக் குழைய வடிக்காமல் பொங்குங்கள். கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, வேகவைத்த தண்ணீர் ஆறியதும் மேலே படியும் எண்ணெயை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரையும் சோற்றோடு சேர்த்துப் பிசையுங்கள். மசாலா வேண்டாம், எண்ணெய் தாளிப்பு வேண்டாம். கறி ஆகாத வீடுகளில் வேகவைத்த முட்டை போடலாம். முள் நீக்கிய, கொழுப்புக் குறைந்த மீனும் நல்லதே. தயிர் ஒன்றிரண்டு ஸ்பூன் தாங்கும். பாலைத் தவிர்த்துவிடுங்கள். வளர்ந்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. ஏற்கெனவே புண்பட்ட குடலில் அது கழிச்சலைக் கூட்டும். பாலில் ஊறிய குளுக்கோஸ் பிஸ்கட்டும் அப்படித்தான். அதில் இருப்பது மாவும் சர்க்கரையும் கொழுப்பும். தேறும் உடம்பு கேட்கும் புரதம் அதில் அற்பம்.

செய்ததை எல்லாம் முதல் நாளே போட்டுவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்குதான் முதல் நாளுக்கு. அதையும் ஆறு வேளையாக, மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு வேளைக்கு இரண்டு மூன்று ஸ்பூன்தான் வரும். பார்க்க அற்பமாகத் தெரியும், நாயும் இன்னும் கேட்கும், மனம் இளகாதீர்கள். வாந்தி இல்லையென்றால் மறுநாள் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றாம் நாள் முழு அளவு.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறைமுகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பட்டினிக் கைதிகள் சிலர், வயிறார உண்ட பிறகு இறந்துபோனார்கள். பல நாள் பட்டினிக்குப் பின் மாவுச்சத்து திடீரென்று வந்து இறங்கும்போது இன்சுலின் பொங்கிச் சுரக்கிறது. அது ரத்தத்திலிருந்த பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. ரத்தத்தில் அவை வற்றிப்போனால் இதயம் தாளம் தவறும், தசைகள் செயலிழக்கும். நாயின் உடம்பிலும் இதே வேதியியல்தான். ஐந்தாறு நாள் எதுவும் தின்னாத நாய்க்கு ஒரு தட்டு நிறையக் கறிச்சோறு போடுவது இதனால்தான் ஆபத்து. அப்படிப்பட்ட நாய்க்கு உணவைத் தொடங்குவதே மருத்துவர் கண்பார்வையில் இருக்க வேண்டும்.

தண்ணீரும் அளவோடுதான். கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி ஒரு நாள் தேவை. கழிச்சல் இருந்தால் இன்னும் கூடும். கிண்ணத்தோடு வைத்தால் மடக் மடக்கென்று குடித்து வாந்தி எடுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வையுங்கள். உடம்பில் நீர் வற்றிவிட்டதா என்று தோலைக் கிள்ளிப் பார்ப்பார்கள். மெலிந்த நாயில் தோல் எப்போதுமே தளர்ந்துதான் இருக்கும், ஆகவே அது ஏமாற்றும். மேலுதட்டைத் தூக்கி ஈறைத் தொட்டுப் பாருங்கள், வழுவழுவென்று ஈரமாக இருக்க வேண்டும். விரலில் ஒட்டினால் நீர் வற்றியிருக்கிறது. அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும்.

வெங்காயமும் புளியும்

அந்த ஈறு வெள்ளைவெளேரென்று இருந்தால் நினைவுக்கு வர வேண்டியது உண்ணிக் காய்ச்சல். நம் பக்கத்து நாய்களுக்கு இது மிகப் பழைய பகை. சிவப்பணுக்களுக்குள் புகுந்து அவற்றை உடைக்கும் பபேசியா கிப்சோனி என்ற ஒட்டுண்ணியை உலகுக்கு முதலில் விவரித்தவர் பாட்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், ஆண்டு 1910. அவர் அதைக் கண்டது மெட்ராஸ் ஹன்ட் என்ற வேட்டைக் குழுவின் நாய்களின் ரத்தத்தில். பிறகு நரியின் ரத்தத்திலும் அதையே கண்டார். இன்று உலகெங்கும் கால்நடை மருத்துவ மாணவர்கள் படிக்கும் ஒரு நோயின் கதை சென்னை நாய்களிலிருந்துதான் தொடங்குகிறது.

உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போட்டு வீட்டுக்கு வந்த நாய்க்கு ரத்தம் குறைந்திருக்கும், பசியும் இருக்காது. மீதமான சாம்பாரையோ பிரியாணியையோ கலந்து கொடுத்தால் ஆசையாகத் தின்னும். இங்கேதான் கவனம் வேண்டும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. வேகவைத்தாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போவதில்லை. கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போதும், ரத்தத்தில் மாற்றம் தெரிய. 10 கிலோ நாய்க்கு இரண்டு மூன்று வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் கொஞ்சமாக உள்ளே போனாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே வரும். நல்ல ரத்தம் உள்ள நாய் சின்ன அளவைச் சமாளித்துவிடக்கூடும். ஒட்டுண்ணி ஏற்கெனவே பாதி ரத்தத்தைத் தின்றுவிட்ட நாயால் அது முடியாது. விளைவும் உடனே தெரியாமல் சில நாள் கழித்துத்தான் வெளிப்படுகிறது, அப்போது சாம்பார்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

புளி பற்றிய செய்தி இன்னும் புதியது. திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைப் பாதிப்பது நெடுநாளாகத் தெரிந்திருந்தும், காரணம் பிடிபடாமல் இருந்தது. 2021-இல் அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த மருத்துவர்கள், அது டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று சொன்னார்கள். மறு ஆண்டு வெளியான அறிக்கையில், புளி தின்றும் இதேபோல் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நாய்களைப் பற்றி எழுதினார்கள். புளியில் அந்த அமிலம் ஏராளம். நம் ஊர் நாய்கள் காலங்காலமாக ரசச்சோறு தின்றே வளர்ந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். ரசத்தில் கரைந்திருக்கும் அளவு சிறியது. எல்லா நாயும் ஒரே மாதிரி பாதிக்கப்படுவதும் இல்லை. ஆனாலும் எலிக்காய்ச்சலோ நீர்வறட்சியோ வந்து சிறுநீரகம் களைத்திருக்கும் நாட்களில் புளிக்குழம்பும் ரசமும் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காய்ச்சல் என்றதும் நம் வீட்டுப் பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ உடைத்துக் கொடுப்பதும் அதே கணக்கில் சேரும்.

தட்டு வைத்தும் முகம் திருப்பும் நாய்களே அதிகம். குமட்டல் உள்ள நாய் உணவைக் கண்டதும் எச்சில் வடிக்கும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பிக்கொள்ளும். அப்போது வற்புறுத்தினால் கெடுதல் நீண்ட நாளைக்கு நிற்கும். ஜான் கார்சியா என்ற உளவியலாளர் 1955-இல் எலிகளிடம் காட்டிய உண்மை இது: இனிப்புத் தண்ணீர் குடித்த நேரத்தில் கதிர்வீச்சால் குமட்டல் வந்தால், எலி பிறகு அந்த இனிப்பையே தொடவில்லை. நாயும் அப்படியே. குமட்டல் நேரத்தில் திணித்த கோழிச்சோற்றை நல்ல உடம்பு வந்த பிறகும் வெறுக்கலாம். கசப்பு மாத்திரையை அதற்குப் பிடித்த சோற்றில் ஒளித்துவைப்பதும் அதே வெறுப்பை உண்டாக்கும். மாத்திரையைத் தனியாக ஒரு சிறு உருண்டையில் வைத்துக் கொடுங்கள். குமட்டலை அடக்கும் மருந்து இருக்கிறது, மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு சோற்றை வெதுவெதுப்பாக்கி, கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள், மணம் எழும். நாய் சாப்பிடத் தீர்மானிப்பது மூக்கால். சளியால் மூக்கடைத்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். கால்மணி நேரத்தில் தொடவில்லையென்றால் தட்டை எடுத்துவிட்டுப் பிறகு புதிதாக வையுங்கள். நம் வெயிலில் பிசைந்த சோறு சீக்கிரம் ஊசிவிடும்.

சிரிஞ்சால் ஊட்டுவதானால் நாய் விழிப்பாக, தலையைத் தானே தூக்கி வைத்திருக்க வேண்டும். கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக, விழுங்கிய பின் அடுத்தது. அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும். இங்கே இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். தடுப்பூசி வரலாறு தெரியாத தெருநாயோ வீட்டு நாயோ திடீரென்று விழுங்க முடியாமல், வாய் ஒழுகி, குரல் மாறித் தடுமாறினால், தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கையை விடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். எச்சில் பட்டிருந்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஊசிக்குப் போங்கள்.

மேலே சொன்ன கோழிச்சோறு வயிற்று நோய்க்கும் காய்ச்சலுக்கும் பொதுவாகப் பொருந்தும். சிறுநீரகம் பழுதான நாய்க்குப் பாஸ்பரஸைக் குறைக்க வேண்டும், கணைய அழற்சிக்குக் கொழுப்பை, இதய நோய்க்கு உப்பை. அந்தத் தட்டுகளை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும். கோழியும் சோறும் மட்டுமே நெடுநாள் கொடுக்கவும் கூடாது, அதில் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. குட்டிகளுக்குச் சில வாரங்களிலேயே எலும்பு பலவீனப்படும். மலம் கெட்டியாகி இரண்டு மூன்று நாள் ஆனதும், பழைய உணவை நாலில் ஒரு பங்கு, பாதி, முக்கால் என்று ஒரு வாரத்தில் மாற்றிவிடலாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நாய் தேறுகிறதா என்பதற்கு எடை மெஷின் சொல்வதே சரியான சாட்சி.

பார்வோவில் பிழைத்த நாய் படுத்த இடத்து மண்ணில் அந்த வைரஸ் மாதக்கணக்கில், சாதகமான இடமானால் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது சாவதில்லை. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையையும் தட்டையும் கழுவுங்கள். அந்த வீட்டுக்குப் புதிதாக வரும் குட்டிக்கு ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால், 16 வாரம் ஆகும்வரை இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். முதல் ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். கடைசி ஊசி வரை போட்டு முடியுங்கள்.